குருணையா, திரவமா?

ஒரே சத்து, ஒரே அளவு. குருணையாய்ப் போட்டால் ஒரு விளைச்சல், திரவமாய் விட்டால் வேறொன்று. அடிலெய்டுக்கு வந்த புதிதில் நண்பர் இதைச் சொன்னபோது நான் நம்பவில்லை. கணினிக்காரனுக்கு உள்ளீடு ஒன்றென்றால் விடையும் ஒன்றாகத்தான் இருக்கவேண்டும்!

தெற்கு ஆஸ்திரேலியாவின் அயர் தீபகற்பம் மழை குறைந்த கோதுமைச் சீமை. அங்குள்ள சாம்பல் நிற மண்ணில் சில இடங்களில் பாதிக்கு மேல் சுண்ணாம்பு; பி.எச். 8ஐத் தாண்டும். பல்லாண்டுகளாய்ப் பாஸ்பரஸ் உரம் போட்டும் பயிர் தூர் கட்டவில்லை. சோதித்தால் மண்ணில் மொத்தப் பாஸ்பரஸ் ஏராளம். குதிர் நிறையத் தானியம், சாவி மட்டும் சுண்ணாம்பின் கையில்.

பாப் ஹாலோவேயும் கூட்டாளிகளும் 2001ல் வெளியிட்ட ஆய்வு இம்மண்ணில் திரவ உரத்தின் மேன்மையைக் காட்டியது. காரணம் சுவையானது. குருணை உப்புச் செறிவு மிக்கது. சுற்றியுள்ள ஈரத்தைத் தன்பால் இழுக்கும். அந்த நீரோடு கால்சியமும் வந்து சேர, பாஸ்பரஸ் சில மில்லிமீட்டர் நகர்வதற்குள் பெரும்பகுதி உறைந்துவிடுகிறது. இளம் வேர் என்ன செய்யும்? எத்தனை தூர் வெடிக்கும் என்பது முதல் சில வாரங்களிலேயே முடிவாகிவிடுகிறது. பிறகு கிடைத்துப் பயனில்லை. திரவத்துக்கு இப்படி எதிர்த்துவரும் நீரோட்டம் இல்லை. இன்னும் சற்றுத் தூரம் பரவுகிறது.

உடனே எல்லோரும் தொட்டியும் குழாயும் வாங்கவேண்டியதில்லை. அமில மண்ணில் இந்த வித்தியாசம் பெரும்பாலும் தெரிவதில்லை. அங்கே பாஸ்பரஸைப் பிடித்துவைப்பது இரும்பும் அலுமினியமும். திரவத்துக்கு விலையும் கூடுதல், விதைப்புக் கருவியிலும் மாற்றம் செய்யவேண்டும். மழை பொய்த்தால் அந்தக் கடன் அப்படியே நிற்கும். நண்பருக்குத் தெரிந்த விவசாயி ஒருவர் சாம்பல் மண்ணுக்கு மட்டும் திரவம், சிவப்பு மண்ணுக்குப் பழைய குருணை என்று வயலைப் பிரித்துக்கொண்டார்.