மூட்டு மாற்று: கத்திக்கு முன்னும் பின்னும்

முழங்கால் மூட்டு மாற்று அறுவை என்றதும், மூட்டையே கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றை மாட்டுவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது சொத்தைப் பல்லைச் சீவி மேலே உறை போடுவதற்கு நெருக்கமான வேலை. தேய்ந்த குருத்தெலும்போடு தொடை எலும்பின் கீழ்முனையும் கால் எலும்பின் மேல்முனையும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் சீவப்படும். மேலே கோபால்ட்-குரோமியம் உறை, கீழே பெரும்பாலும் டைட்டானியத் தட்டு, இரண்டுக்கும் நடுவே பாலிஎத்திலீன். பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தே இதை முடித்துவிடுகிறார்கள். ஒன்று, ஒன்றரை மணி நேரம் ஆகும்.

ஆனால் காலை மடக்குவதும் நீட்டுவதும் உலோகம் அல்ல, தசை. வலிக்குப் பயந்து ஆண்டுக்கணக்கில் நடக்காமலிருந்தவர்களுக்குத் தொடையின் முன்பக்கத் தசை இளைத்துப்போயிருக்கும். அறுவைக்கு நாள் குறித்ததுமே அதற்குப் பயிற்சி தொடங்கிவிட வேண்டும். எளிய பயிற்சி ஒன்று உண்டு: மல்லாந்து படுத்து, காலை நீட்டி, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைப் படுக்கையோடு அழுத்தி ஐந்து எண்ணிவிட்டுத் தளர்த்துவது. அறுவைக்குப் பிறகும் முதலில் சொல்லித்தரப்படுவது இதுதான். முன்பே பழகியவருக்கு அப்போது தடுமாற்றம் இருக்காது.

இந்த அறுவையில் மருத்துவர்கள் அதிகம் அஞ்சுவது கிருமித்தொற்று. உலோகத்தின் மேல் கிருமி படிந்துவிட்டால் மாத்திரையால் மட்டும் விரட்டுவது கடினம். சில சமயம் பொருத்தியதையே கழற்ற வேண்டிவரும். சொத்தைப் பல், சிறுநீர்த் தொற்று, கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் எதுவானாலும் முன்கூட்டியே ஆற்றிவிட வேண்டும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 8 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் பல மருத்துவர்கள் தேதியைத் தள்ளிவைத்துவிடுவார்கள். புகைப்பவர்கள் குறைந்தது 4 வாரம் முன்பே நிறுத்த வேண்டும். கால் முடியை வீட்டிலேயே பிளேடால் மழிப்பது கூடாது. கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் கிருமிக்கு வாசலாகும். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை மட்டுமல்ல, லேகியம், சூரணம் எதுவானாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

வீட்டிலும் கொஞ்சம் வேலை இருக்கிறது. வழுக்கும் மிதியடி, குறுக்கே கிடக்கும் வயர் இவற்றை அகற்றிவிடலாம். குந்தி உட்காரும் கழிப்பறை மட்டுமே உள்ள வீட்டில், மேலே வைக்கும் கமோடு நாற்காலியாவது வாங்கியாக வேண்டும். கைப்பிடி வைத்த, சற்று உயரமான நாற்காலி ஒன்றும் தேவை.

அறுவை முடிந்த அன்றோ மறுநாளோ வாக்கரைப் பிடித்து நிற்கவைத்துவிடுவார்கள். தையல் பிரிந்துவிடும் என்ற பயம் வேண்டாம். படுத்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருப்பது கெண்டைக்காலில் ரத்தம் கட்டாமலிருக்க உதவும். அன்பினால் வீட்டார் செய்யும் பெரிய தவறு, முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துவிடுவது. வலிக்கு இதமாகத்தான் இருக்கும். ஆனால் மணிக்கணக்கில் அப்படியே கிடந்தால் மூட்டு வளைந்தபடியே இறுகி, பிறகு நடையில் விந்தல் வந்துவிடும். காலை உயர்த்த வேண்டுமானால் தலையணை குதிகாலுக்கு அடியில் இருக்கட்டும். எத்தனை டிகிரி மடங்குகிறது என்று கேட்பவர்கள், முழுதாக நீட்ட முடிகிறதா என்று கேட்பதில்லை. நடைக்கு முதலில் வேண்டியது நீட்டல்தான்.

முதல் 6 வாரம் பொன்னானது. வலி மாத்திரையை அரைமணி நேரம் முன்பே போட்டுக்கொண்டு பயிற்சி செய்யலாம். பயிற்சிக்குப் பின் ஐஸ் ஒத்தடம். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். தையல் பிரிப்பது பெரும்பாலும் 10 முதல் 14 நாளில். கத்தரிக்காய் ஆகாது, முட்டை ஆகாது என்று பத்தியம் காப்பது புண்ணை ஆற்றாது. முட்டை, மீன், பருப்பு, பால் ஆகியவற்றின் புரதம்தான் ஆற்றும். நாட்டுமருந்து எண்ணெய் தடவி உருவிவிடுவதும் வேண்டாம்.

வீக்கமும் லேசான சூடும் சில மாதம் நீடிக்கும். தழும்புக்கு வெளிப்புறம் கொஞ்சம் மரத்துப்போயிருப்பதும் நடக்கும்போது ‘டக்’ என்ற ஓசையும் சகஜம். காயத்தில் நீர் கசிவது, காய்ச்சலோடு வலி கூடுவது, கெண்டைக்கால் வலித்து வீங்குவது ஆகியவை அப்படியல்ல. அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்; மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுச் சமாளிப்பது நோயை மறைத்துவிடும். திடீரென மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108ஐ அழைக்க வேண்டும்.

முழுப் பலன் தெரிய ஓராண்டு ஆகலாம். சம்மணமிட்டு உட்காருவதையும் குந்துவதையும் தவிர்க்கவே பெரும்பாலான மருத்துவர்கள் சொல்கிறார்கள். தேசியப் பதிவேடுகளைத் தொகுத்து 2019இல் வெளியான ஆய்வின்படி, முழு மூட்டு மாற்றுகளில் சுமார் 82 விழுக்காடு 25 ஆண்டுகள் தாக்குப்பிடிக்கின்றன.