சம்பளமே வாங்காமல் ஒரு சாம்ராஜ்யம்! தெரியுமா?

சந்திரகுப்த மௌரியர் யானைப் படையோடு புறப்படுகிறார். எதிரே ரோமானியர்கள். அசோகரும் சாணக்கியரும்கூடக் களத்தில் உண்டு! ‘ஜீரோ ஏ.டி.’ என்ற இந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டை இணையத்தில் யாரோடு வேண்டுமானாலும் மோதி ஆடலாம். விலை? ஒரு பைசா கிடையாது. அதைவிடப் பெரிய ஆச்சரியம், இதை உருவாக்கியவர்களில் கிட்டத்தட்ட எல்லாருமே சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். பெரும்பாலும் ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்காமலே வெவ்வேறு நாடுகளில் உட்கார்ந்து கட்டிய சாம்ராஜ்யம் இது!

2001-ல் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ விளையாட்டைக் கொஞ்சம் மாற்றிப் பார்க்கலாம் என்று சில ரசிகர்கள் பேசிக்கொண்டதுதான் ஆரம்பம். பிறகு தனி விளையாட்டாகவே செய்துவிடுவோம் என்று துணிந்தார்கள். 2009 ஜூலையில் நிரல் முழுவதையும் உலகத்துக்குத் திறந்துவிட்டார்கள். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஆங்கில அகரவரிசைப்படி ஒரு பெயர் வைத்துக்கொண்டே வந்தார்கள். ‘ஏ’-யில் தொடங்கி ‘இசட்’ வரை 26 எழுத்தும் தீர்ந்துபோனது! மறுபடி ‘ஏ’-க்குத் திரும்பியபோது, 2025-ல் வந்த வெளியீட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? ‘அக்னி’!

மாணவர்களால் இதெல்லாம் முடியுமா என்கிறீர்களா? சென்னை கிண்டியில் இருக்கும் அண்ணா பல்கலைக்கழகம் உருவானது 1978-ல். அதே 1978-ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா என்ற மாணவர் ‘மட்’ என்ற விளையாட்டை எழுதத் தொடங்கினார். ரிச்சர்ட் பார்ட்டில் என்ற சக மாணவர் சேர்ந்துகொண்டார். படமே இல்லை, வெறும் எழுத்துகள்தான். ஆனால் ஒரே நேரத்தில் பலர் உள்ளே நுழைந்து ஆடலாம். இன்று கோடிகள் புரளும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கெல்லாம் அதுதான் முன்னோடி. கம்பெனி இல்லை, முதலீடு இல்லை. இரண்டு மாணவர்கள், ஒரு கல்லூரிக் கம்ப்யூட்டர், அவ்வளவுதான்!

அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டிப் பொறியியல் கல்லூரியே 1794-ல் 8 மாணவர்களோடு தொடங்கிய நில அளவைப் பள்ளிதான் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். 8 பேர்கூட வேண்டாம், 3 பேர் போதும் என்று காட்டியது டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகம். 1995 நவம்பரில் அங்கே 3 மாணவர்கள் ‘ஃப்ரீசிவ்’ என்ற விளையாட்டைத் தொடங்கினார்கள். 1996 ஜனவரியிலேயே வெளியிட்டும்விட்டார்கள். பிறகு அந்த மூவரும் ஒதுங்கிக்கொண்டார்கள். விளையாட்டு செத்துப்போகவில்லை! முன்பின் தெரியாத யார் யாரோ எடுத்து வளர்த்தார்கள். 30 ஆண்டுகள் தாண்டியும் உயிரோடு இருக்கிறது.

சரி, சம்பளமில்லாத வேலைக்கு ஆட்கள் எப்படி வருகிறார்கள்? இங்கேதான் என்னை அசர வைத்த கதை வருகிறது.

2003 ஜூன் மாதம் டேவிட் வைட் என்ற நிரலாளர் ‘பேட்டில் ஃபார் வெஸ்நோத்’ என்ற விளையாட்டின் முதல் வடிவத்தை வெளியிட்டார். நிரல் அவருக்குக் கைவந்த கலை. படம் வரைவதுதான் வராது. படம் நன்றாக வரட்டும், பிறகு வெளியிடலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. வந்த வரைக்கும் வெளியிட்டார். அதைப் பார்த்த பிரான்சிஸ்கோ முன்யோஸ் என்ற ஓவியர் தாமாக வந்து நல்ல படங்கள் வரைந்து கொடுத்தார். அவர் பின்னால் இன்னும் பல ஓவியர்கள், இசையமைப்பாளர்கள், கதை எழுதுபவர்கள், மொழிபெயர்ப்பாளர்கள்! ஓப்பன் சோர்ஸ் உலகத்தின் புகழ்பெற்ற எழுத்தாளர் எரிக் ரேமண்ட்கூட வந்து வேலை செய்தார்.

இதில் உண்மையான சூட்சுமம் வேறு. விளையாட்டின் கதைகளை எழுதுவதற்கென்றே எளிய குறிப்பு மொழி ஒன்றை வைட் வைத்தார். புரோகிராமிங் தெரியாதவரும் ஒரு சாதாரண கோப்பைத் திறந்து, இந்தச் சுற்றில் இந்த வீரன் இப்படிப் பேசட்டும் என்று எழுதிச் சேர்க்கலாம். அவ்வளவுதான், ஆட வந்தவர்கள் ஆக்க ஆரம்பித்துவிட்டார்கள்! ரசிகர்கள் எழுதிய கதைத் தொடர்கள் சில மூல விளையாட்டுக்குள்ளேயே இடம்பிடித்தன. ஆள் தேவை என்று அறிவிப்பதைவிட, உள்ளே வர ஒரு சின்ன வாசலைத் திறந்து வைப்பது எவ்வளவு வலுவானது, பாருங்கள்!

இப்படி ரசிகர்கள் ஆக்கியதை நம்மில் பலரும் ஆடியிருக்கிறோம். சென்னையின் பிரவுசிங் சென்டர்களில் ‘கவுன்ட்டர் ஸ்ட்ரைக்’ ஆடி வளர்ந்தவர்களுக்கு ‘டஸ்ட்’ மேப் மனப்பாடம். அதை உருவாக்கிய டேவ் ஜான்ஸ்டன் அப்போது பதின்ம வயது மாணவர் என்பது தெரியுமா? அந்த விளையாட்டே ‘ஹாஃப் லைஃப்’ என்ற விளையாட்டை மாற்றி மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு இளைஞர்கள் 1999-ல் செய்த ‘மாட்’தான். 2000-ல் வால்வ் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது!

ஆன்லைனில் ஆட வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. 2000-ல் பிறந்த ‘டக்ஸ்கார்ட்’டின் வாரிசான ‘சூப்பர் டக்ஸ்கார்ட்’ கார் பந்தயத்துக்கு இணையவழிப் போட்டி வந்தது 2019 ஏப்ரலில்தான்! ஓடும் வண்டி எல்லாருடைய திரையிலும் ஒரே இடத்தில் தெரிய வேண்டுமே. ‘ஜீரோ ஏ.டி.’ அதற்குக் கையாளும் வழி கேட்டால் வாய் பிளப்பீர்கள்! ஒவ்வொரு வீரனும் எங்கே நிற்கிறான் என்ற தகவலை அது அனுப்புவதே இல்லை. ‘இவர்களை அங்கே போகச் சொன்னேன்’ என்ற கட்டளை மட்டுமே இணையத்தில் போகிறது. ஒவ்வொரு கம்ப்யூட்டரும் அதே போரை அதே கணக்கோடு தனியாக நடத்திப் பார்த்துக்கொள்கிறது. ஒரு கணக்கு பிசகினாலும் ஆட்டம் குலைந்துவிடும். இப்படிப்பட்ட சிக்கல்களால், முதல் முயற்சியிலேயே ஆயிரம் பேர் ஆடும் ஆன்லைன் உலகம் என்று இறங்கும் குழுக்கள் பாதியில் நின்றுவிடக்கூடும். இரண்டு பேர் ஆடக்கூடிய சின்ன ஆட்டத்தில் தொடங்குவதே நல்லது.

நெஞ்சு கனக்கும் கதையும் உண்டு. நின்டென்டோவின் பழைய ‘மெட்ராய்டு 2’ விளையாட்டை அர்ஜென்டினாவின் மில்டன் குவாஸ்தி சுமார் 10 ஆண்டுகள் உழைத்துப் புதுப்பித்து 2016 ஆகஸ்டில் இலவசமாக வெளியிட்டார். சில நாட்களிலேயே பதிப்புரிமை நோட்டீஸ் வந்தது, நிறுத்த வேண்டியதாயிற்று! பிறகு ‘ஓரி’ விளையாட்டுத் தொடரில் அவருக்கு வேலை கிடைத்தது ஆறுதல். ஆனால் அடுத்தவர் கதாபாத்திரத்தை நம்பித் தன்னார்வலர்களைக் கூப்பிடும் முன் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். யார் செய்த படம் யாருக்குச் சொந்தம், எந்த உரிமத்தில் வெளிவரும் என்பதை முதல் நாளே எழுதி வைத்துவிட வேண்டும்.

முகம் தெரியாதவர்களோடு கூலியில்லாமல் வேலை செய்வது தமிழர்களுக்குப் புதிதா? 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று ‘மதுரைத் திட்டம்’ தொடங்கினார். உலகெங்கும் இருந்த தமிழர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி இணையத்தில் ஏற்றினார்கள். அதே 1998 ஜனவரியில்தான் சென்னையின் லினக்ஸ் பயனர் குழுவும் பிறந்தது! கிண்டிக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஐஐடி வளாகத்தில் பல ஆண்டுகள் மாதந்தோறும் கூடினார்கள். யாரும் வரலாம், கட்டணம் கிடையாது.

தமிழ் பேசும் விளையாட்டை உலகம் ஏற்குமா என்ற கேள்விக்கும் விடை வந்துவிட்டது. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலறையைக் காட்டும் ‘வெண்பா’, டொரன்டோவின் விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்ட விளையாட்டு. அது 2024-ல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதையே வென்றது!

அண்ணா பல்கலைக்கழகம் இருக்கும் சர்தார் படேல் சாலையில் பஸ்ஸுக்கு நிற்கும் மாணவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இதுதான். ஒரு முழு விளையாட்டுக்குத் தேவையான அத்தனை பேரும் இந்த ஒரு நிறுத்தத்திலேயே இருக்கிறார்கள். கோடு எழுதுபவர், படம் வரைபவர், கீபோர்டு வாசிப்பவர், கதை சொல்பவர், பக் கண்டுபிடிக்கும் வரை விடாமல் ஆடுபவர்! ‘கோடாட்’ என்ற கேம் எஞ்சின் 2014 முதல் திறந்த நிரலாக இலவசமாகவே கிடைக்கிறது. ‘பிளெண்டர்’ 3டி மென்பொருளும் திறந்த நிரல்தான், இலவசம்தான்.

விளையாட்டுக் குழுவுக்கு ஆள் சேர்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘டெவலப்பர்கள் தேவை’ என்று மட்டும் போட்டு நிறுத்தாதீர்கள். 5 நிமிடம் ஆடக்கூடிய ஒன்றை முதலில் கையில் கொடுங்கள். ‘இந்தக் கதவுக்குச் சத்தம் வேண்டும், ஒரு சாயங்கால வேலை’ என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். செய்து தந்தவர் பெயரை விளையாட்டுக்குள்ளேயே போடுங்கள். சேரப் போகிறவர்களே, இந்த செமஸ்டர் லீவில் ‘வெஸ்நோத்’தையோ ‘ஜீரோ ஏ.டி.’யையோ இறக்கி ஆடிப் பாருங்கள். ஒரு பிழையைக் கண்டால் அதைத் தெளிவாக எழுதி அனுப்புங்கள். முடிந்தால் தமிழில் பத்து வரி மொழிபெயர்த்து அனுப்புங்கள். அனுமதிச் சீட்டு எதுவும் தேவையில்லை, இன்றைக்கே ஆரம்பிக்கலாம்!