பசுமைக்குடிலுக்கு எந்த செர்ரி தக்காளி? கூரையின் உயரமும் நாள்காட்டியும் தீர்மானிக்கும் ரகத் தேர்வு

லடாக் யூனியன் பிரதேசத்தின் லே நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. அங்கு திறந்தவெளியில் காய்கறி பயிரிட, மே மாதம் முதல் செப்டம்பர் வரையிலான சில மாதங்கள் மட்டுமே கிடைக்கின்றன. மழை மிகக் குறைவு, வெயிலுக்கோ பஞ்சமில்லை. இந்த வெயிலைச் சேமித்து வைக்கும் வகையில், மூன்று பக்கம் மண் சுவரும் தெற்குப் பக்கம் பாலித்தீன் விரிப்பும் கொண்ட பசுமைக்குடில்களை அப்பகுதி விவசாயிகள் அமைக்கின்றனர். தரையில் சுமார் 3 அடி ஆழத்துக்குப் பள்ளம் தோண்டி, அதன் மேல் விரிப்பைப் போர்த்தும் எளிய குடில்களும் உண்டு. பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பின் (டிஆர்டிஓ) கீழ் லே நகரில் இயங்கும் உயர்மலைப் பகுதி ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய குடில்களைப் பரவலாக்கியதில் முக்கியப் பங்கு வகித்துள்ளது.

பள்ளக்குடிலுக்குள் ஒருவர் நிமிர்ந்து நிற்க இயலாது. அதில் 8 அடி உயரம் வளரக்கூடிய தக்காளிக் கொடியை நட்டால் என்ன ஆகும்? ஜூலைக்குள் நுனி கூரையைத் தொட்டுவிடும். விரிப்பில் உரசும் இலைகள் பகலில் வெந்துபோகும். இரவில் அங்கு படியும் நீர்த்துளிகளால் அழுகும். ஆண்டுக்கு ஒரே ஒரு தக்காளிப் பருவம் மட்டுமே உள்ள இடத்தில் இது ஓராண்டு உழைப்பின் இழப்பாகும்.

செர்ரி தக்காளி விதை வாங்குவோர் பெரும்பாலும் உறையின் மேல் அச்சிடப்பட்டுள்ள பழத்தின் படத்தைப் பார்த்தே முடிவெடுக்கின்றனர். உண்மையில், செடியின் வளர்ச்சி முறையையே முதலில் கவனிக்க வேண்டும். தக்காளியில் இரு முக்கியப் பிரிவுகள் உள்ளன. தொடர் வளர்ச்சி ரகங்களில் பொதுவாக மூன்று இலைகளுக்கு ஒரு பூங்கொத்து என்ற கணக்கில் தண்டு நீண்டுகொண்டே செல்லும். வரையறுக்கப்பட்ட வளர்ச்சி ரகங்களில் பூங்கொத்துகளுக்கு இடையே ஓரிரு இலைகளே இருக்கும்; ஒரு கட்டத்தில் தண்டின் நுனியே பூங்கொத்தாக முடிந்து வளர்ச்சி நின்றுவிடும். இயற்கையாக நேர்ந்த ஒரு மரபணு மாற்றமே இதற்குக் காரணம். இம்மாற்றம் கொண்ட செடி 1914-ஆம் ஆண்டு அமெரிக்காவின் புளோரிடா மாகாணத்தில் கண்டறியப்பட்டது. இன்றைய குட்டைத் தக்காளி ரகங்களில் பெரும்பாலானவற்றில் இந்த மரபணுவின் பங்கு உள்ளது.

இவற்றைவிடச் சிறியவையும் உள்ளன. நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகம் 1945-இல் வெளியிட்ட 'டைனி டிம்' ரகம் ஒன்றரை அடிக்கு மேல் வளர்வதில்லை. புளோரிடா பல்கலைக்கழகம் உருவாக்கிய 'மைக்ரோ-டாம்' ஏறத்தாழ ஒரு சாண் உயரமே. இவை சன்னலோரத் தொட்டிக்கு ஏற்றவை. விற்பனைக்குப் பயிரிடுவோருக்குப் போதிய விளைச்சல் தரமாட்டா. குறைந்த உயரமுள்ள குடிலுக்கு 2 முதல் 3 அடி வரை வளரும் புதர் வகை ரகங்களே பொருத்தமானவை. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவான 'கோல்டு நக்கெட்' இதற்கு நல்ல உதாரணம். மஞ்சள் நிறப் பழம் தரும் இந்த ரகம் முன்கூட்டியே காய்ப்பது மட்டுமன்றி, மகரந்தச் சேர்க்கை முழுமையாக நடைபெறாத குளிர்ந்த நாட்களிலும் விதையின்றிக் காய் பிடிக்கும் இயல்புடையது.

குட்டை ரகமும் குறுகிய கால ரகமும் ஒன்றே எனக் கருதுவது பரவலாகக் காணப்படும் தவறு. ஜப்பானின் டொகிட்டா நிறுவனம் உருவாக்கிய புகழ்பெற்ற 'சன்கோல்டு' ரகம் மிக விரைவில் பழுக்கத் தொடங்கும். ஆனால் அது கூரை தாண்டி வளரும் கொடி. முன்காய்ப்பு என்ற ஒரு சொல்லை நம்பி அதைப் பள்ளக்குடிலில் நட்டவர், பருவம் முழுவதும் கத்தரிக்கோலுடன் நிற்க நேரிடும்.

உறையில் குறிப்பிடப்படும் நாட்களிலும் ஒரு சூட்சுமம் உள்ளது. '55 நாட்கள்' என்றால், அது பெரும்பாலும் விதைத்த நாளிலிருந்து அல்ல, நாற்று நட்ட நாளிலிருந்து கணக்கிடப்படுவதாகும். அதற்கு முந்தைய 5 அல்லது 6 வார நாற்றங்கால் காலத்தைத் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மே மாத நடுவில் நடப்பட்ட 55 நாள் ரகத்தில் ஜூலை இரண்டாம் வாரத்தில் முதல் பறிப்பை எதிர்பார்க்கலாம். 80 நாள் ரகத்தில் அது ஆகஸ்ட் தொடக்கத்துக்குத் தள்ளிப்போகும். செப்டம்பர் நடுவில் இரவுக் குளிர் திரும்பிவிடும் என்பதால், முதல் ரகத்துக்கு இரண்டு மாதப் பறிப்பு என்றால் இரண்டாவதற்கு ஏறத்தாழ ஒன்றரை மாதமே எஞ்சும். இரவுகள் குளிர்ந்திருந்தால் இந்த நாட்கள் மேலும் நீளும். இரவு வெப்பநிலை 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே சென்றால் மகரந்தம் சரியாக உருவாகாது. பகலில் 35 டிகிரியைத் தாண்டினாலும் பூக்கள் உதிரும். வெயில் காலத்தில் மூடிய குடிலுக்குள் இந்த அளவு எளிதில் எட்டப்படும் என்பதால், பக்கவாட்டுத் திரைகளை முற்பகலிலேயே திறந்துவிட வேண்டும்.

தக்காளி தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிர்தான். ஆயினும் மகரந்தம் உதிர பூ அசைய வேண்டும். வெளியில் அதைக் காற்றும் வண்டும் செய்கின்றன. குடிலுக்குள் காலை வேளைகளில் செடிகளை மெல்லத் தட்டிவிடுவதே செலவில்லாத வழி.

சமவெளிப் பகுதிகளின் நிலை வேறு. புதுதில்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் 'பூசா செர்ரி தக்காளி-1', பாதுகாக்கப்பட்ட சாகுபடிக்கென உருவாக்கப்பட்ட தொடர் வளர்ச்சி ரகம். உயரமான பாலிகுடிலில் கயிற்றில் ஏற்றிக் கட்டி, பக்கக் கிளைகளைக் கிள்ளிவிட்டு, மாதக்கணக்கில் பறிப்பதற்கு உரியது. கூரை 15 அடிக்கு மேல் இருக்கும் குடிலில் குட்டை ரகத்தை நடுவது, மேலே உள்ள இடத்துக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டுத் தரையை மட்டும் பயன்படுத்துவதற்கு ஒப்பாகும்.

குட்டை ரகங்களுக்குக் குறைகளும் உண்டு. இலைகள் குறைவு, பழங்கள் அதிகம் என்பதால் ஒவ்வொரு பழத்துக்கும் சேரும் சர்க்கரை சற்றுக் குறையும். சுவையில் இவை உயர்கொடி ரகங்களை எட்டுவது அரிது; விதை விற்போர் இதைச் சொல்வதில்லை. அடர்ந்த புதருக்குள் காற்றோட்டம் இல்லாவிட்டால் இலைக்கருகல், பூஞ்சண நோய்கள் விரைவில் பரவும். செடிக்குச் செடி ஒன்றரை அடி இடைவெளி விடுவதும், தரையைத் தொடும் கீழ் இலைகளை அகற்றுவதும் அவசியம். உயர்கொடி ரகங்களைப் போல் பக்கக் கிளைகளை முற்றிலும் கிள்ளிவிடக் கூடாது. காய்ப்பே அக்கிளைகளில்தான் உள்ளது.

பழங்கள் சில வாரங்களுக்குள் ஒருசேரப் பழுப்பது வீட்டுத் தேவைக்குப் பயிரிடுவோருக்குத் தொல்லை. மொத்தமாக விற்போருக்கு வசதி. தொடர்ந்து பழம் தேவைப்படுவோர் இரண்டு வார இடைவெளியில் இரு முறை விதைக்கலாம்.

விதை வாங்கும்போது அது வீரிய ஒட்டு ரகமா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒட்டு ரகப் பழத்திலிருந்து எடுத்த விதை தாய்ச்செடியின் உயரத்தையோ காலத்தையோ அப்படியே தராது. மீண்டும் கூரையை முட்டும் செடி முளைக்கக்கூடும். 'டைனி டிம்' போன்ற ஒட்டு அல்லாத ரகங்களில், நன்கு பழுத்த பழங்களின் சதையுடன் விதையை இரண்டு மூன்று நாட்கள் புளிக்கவைத்து, கழுவி, நிழலில் உலர்த்தி அடுத்த பருவத்துக்கு எடுத்துவைக்கலாம்.