பால் வற்றிய பிறகும் வாழும் மரம்

உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் மேற்பலகையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வெளிர் மஞ்சள் நிறத்தில், சிறு சிறு பட்டைகளை வரிசையாக ஒட்டியதுபோல் இருக்கிறதா? அநேகமாக அது ரப்பர் மரம். நம் பாட்டிமார் விடியும் முன் பிரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, நிறை பிடித்துப் பால் எடுத்த அதே இனம்.

தோட்டத்தில் 'மரம் வெட்டப் போறேன்' என்றால் பட்டையைச் சீவிப் பால் எடுக்கப் போகிறார் என்று பொருள். மரத்தைச் சாய்ப்பது வேறு சங்கதி. சிரம்பானிலிருந்து புக்கிட் தங்கா மலைப்பாதையில் ஏறி இறங்கி கோலா கிளாவாங் வந்து சேர்ந்தால், அந்தப் பேச்சை இன்றும் வாயில் வைத்திருக்கும் பெரியவர்களைப் பார்க்கலாம்.

1876இல் ஹென்றி விக்ஹம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அடுத்த ஆண்டே 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. நம்மவர்கள் கப்பலேறியதில் பெரும்பங்கு இந்த மரத்தால்தான்.

ஒரு ரப்பர் மரம் 25, 30 ஆண்டுகள் லாபகரமாகப் பால் தரும். பிறகு சாய்த்துவிட்டு மறுநடவு. சாய்த்த மரத்தை என்ன செய்தார்கள்? ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட, செங்கல் சுட விறகாக்கினார்கள். மிச்சத்தைத் தோட்டத்திலேயே கொளுத்தினார்கள். அதைப் பலகையாக்க யாருக்கும் துணிச்சல் இல்லை. காரணம், இந்த மரத்தில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய சில நாள்களிலேயே பூஞ்சை பிடித்து நீலக்கறை படியும். அடுத்து, மரத்தை மாவாக்கும் சிறு வண்டுகள் வந்துவிடும்.

விடை எளிமையானது. அறுத்த பலகையை உடனே போரான் உப்புக் கரைசல் ஏற்றிப் பதப்படுத்தி, சூடான அறையில் உலர்த்தினால் போதும். கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுகளும் இதற்குக் கைகொடுத்தன. 1980களில் தொழில் சூடுபிடித்தது. ஜொகூரின் மூவார் பட்டறைகளிலிருந்து மேசை நாற்காலிகள் அமெரிக்கா, ஜப்பான் வரை போயின. நம் நாட்டு மரச்சாமான் ஏற்றுமதியில் இன்றும் ரப்பர் மரத்துக்கே பெரும்பங்கு. 'மலேசிய ஓக்' என்றுகூட விற்கிறார்கள். பெயரில் என்ன கூச்சமோ!

அடிமரம் குட்டை; அதிலும் பால் வெட்டிய தழும்பு வேறு. அதனால் நீளப் பலகை கிடைப்பது அரிது. துண்டுகளின் முனைகளை விரல்களைக் கோத்ததுபோல் சீவி ஒட்டுகிறார்கள். உங்கள் மேசையில் தெரியும் ஒட்டு ஏமாற்று வேலை அல்ல, மரத்தின் கணக்கு.

எனக்கு உறுத்துவது வேறு ஒன்று. முப்பது வருடம் அந்த மரத்தோடு வாழ்ந்த நம்மவருக்கு அதன் இரண்டாம் பிறப்பில் பங்கில்லை. மரம் சாய்ந்து செம்பனை வந்தது. பல தோட்டங்களில் லயமும் போனது. பட்டணத்துக்குக் குடிபெயர்ந்த நம் பிள்ளைகள் மூவார் மேசையைத் தவணையில் வாங்கினார்கள்.

அந்தப் பழைய மேசைகள்தான் இப்போது வீடு மாறும்போதெல்லாம் குப்பைத்தொட்டியருகே நிற்கின்றன. கையில் வேலை பழக இதைவிடச் சிறந்த பலகை கிடைக்காது. நன்றாக உலர்ந்தது, இழைக்க இலகுவானது. எடுக்கும்முன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஊசித்துளையும் புதிய மாவுத்தூளும் இருந்தால் வண்டு உயிரோடு இருக்கிறது. வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். வெளியே மழையில் வைக்கும் பெஞ்சுக்கும் இந்த மரம் ஆகாது.

சரக்கு ஏற்றும் பேலட் பலகைகளிலும் நாற்காலி செய்கிறார்கள். படத்தில் அழகாக இருக்கும். உட்கார்ந்தவர் முதுகைக் கேட்டால்தான் தெரியும். அலமாரிக்குச் சரி. ஆனால் பலகையில் குத்திய முத்திரையைப் படியுங்கள். 'ஹெச்டி' என்றால் 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் பதப்படுத்தியது, தாராளமாக எடுக்கலாம். 'எம்பி' என்றால் மெத்தில் புரோமைடு வாயு அடித்தது, தொடாதீர்கள்.

ஆணிகளை ஒன்றுவிடாமல் பிடுங்கிய பிறகே இழைப்புளியை எடுங்கள். முதல் வேலைக்கு ஒரு மணைப்பலகை போதும். மேசைப் பலகையில் ஓரடி அறுத்து, அடியில் இரண்டு குறுக்குக்கட்டை வைத்துத் திருகாணி முடுக்கி, உப்புத்தாள் தேய்த்து இரண்டு பூச்சு வார்னிஷ் அடியுங்கள். சனிக்கிழமை காலையில் தொடங்கினால் ஞாயிறு மாலை அம்மா அதில் உட்கார்ந்து கீரை ஆயலாம்.