சின்ன அறைக்குள் ஓர் உடை அறை

சுவரோரம் அலமாரிகளை நிறுத்தி, நடுவே ஆள் நின்று துணி எடுக்க இடம் விட்டால் அதுதான் உடை அறை. கட்டட விளம்பரங்கள் ‘வாக்-இன் வார்ட்ரோப்’ என்று சொல்வது இதைத்தான். பங்களாக்களுக்கே உரியதாக இருந்த இந்த வசதி, இப்போது அடுக்குமாடி வீட்டில் 7 அடிக்கு 8 அடி உள்ள ஸ்டோர் ரூமுக்குள்ளும் வந்துவிட்டது. காரணம் மாடுலர் அலமாரி. தொழிற்சாலையில் அளவாக வெட்டப்பட்டு, அட்டைப் பெட்டிகளில் வந்து, வீட்டில் திருகி நிறுத்தப்படும் அலமாரி இது.

இந்த அலமாரிகளின் உள்பக்கச் சுவர்களில் மேலிருந்து கீழாகச் சிறு துளைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் 5 மி.மீ. விட்டம், ஒரு துளையின் மையத்துக்கும் அடுத்ததன் மையத்துக்கும் 32 மி.மீ. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில் உருவான முறை இது. கீல், டிராயர் ஓடும் தடம், தட்டைத் தாங்கும் முளை என எல்லாமே இந்த இடைவெளிக்குப் பொருந்தும்படி செய்யப்படுகின்றன. அதனால்தான் குழந்தை வளர வளரத் தட்டை எடுத்துவிட்டுக் கம்பி மாட்டலாம். வீடு மாறினால் கழற்றிக்கொண்டும் போகலாம்.

அறையை அளப்பதற்கு முன் ஆழத்தைத் தீர்மானிக்க வேண்டும். பெரியவர்களின் சட்டை தொங்கும் ஹேங்கர் 42 முதல் 45 செ.மீ. அகலம். துணியின் கை இருபுறமும் உரசாமல் இருக்க, உள்ளே 53 செ.மீ.யாவது தேவை. ஐகியாவின் ‘பாக்ஸ்’ சட்டகம் 58 செ.மீ. ஆழத்தில் வருவதும், உள்ளூர் ஆசாரிகள் 2 அடி என்று கணக்கு வைப்பதும் இதனால்தான். மடித்து வைக்கும் துணிக்கு அவ்வளவு வேண்டாம். 35 முதல் 40 செ.மீ. போதும். அதே ‘பாக்ஸ்’ வரிசையில் 35 செ.மீ. ஆழச் சட்டகமும் உண்டு. சின்ன அறையில் இந்த இரண்டாவது அளவே பெரிய உதவி.

கணக்கைப் பாருங்கள். 7 அடி என்பது 213 செ.மீ. இருபுறமும் 58 செ.மீ. அலமாரி நிறுத்தினால் நடுவே 97 செ.மீ. மிஞ்சும், டிராயரை இழுத்துவிட்டு அதன் முன்னால் குனிந்து நிற்க இது சரியாக இருக்கும். அறை 6 அடிதான் என்றால், அதாவது 183 செ.மீ. என்றால், அதே ஏற்பாட்டில் 67 செ.மீ. மட்டுமே மிஞ்சும். நடக்கலாம், குனிய முடியாது. ஒரு பக்கம் 58, எதிர்ப்பக்கம் 35 என்று மாற்றினால் பாதை 90 செ.மீ. ஆகிவிடும். துணி வைக்கும் இடத்தைவிட நிற்கும் இடத்துக்கே முதல் உரிமை தர வேண்டும். பாதை நெருக்கமானால், அந்த அறை ஒரு மாதத்தில் மறுபடியும் ஸ்டோர் ரூம் ஆகிவிடும்.

அலமாரிக் கதவுகளையும் விட்டுவிட வேண்டும். 50 செ.மீ. அகலக் கதவு திறக்கும்போது பாதையில் பாதியை விழுங்கும். அறைக்கே ஒரு கதவு இருக்கிறது. தூசியைத் தடுக்க அது போதும். கதவு இல்லாததால் செலவும் குறையும். அறைக் கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்தால், அதை வெளிப்பக்கம் திறக்குமாறு மாற்றுவதோ, தள்ளும் கதவாக்குவதோ நல்லது.

மூன்று சுவர்களிலும் அலமாரி வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். ஆனால் இரண்டு அலமாரிகள் சந்திக்கும் மூலையில் 58-க்கு 58 செ.மீ. இடம் கைக்கு எட்டாத குகையாகிவிடுகிறது. சின்ன அறையில் மூலையை விட்டுவிட்டு, எதிரெதிர்ச் சுவர்களில் மட்டும் நிறுத்துவதே லாபம். கடைசிச் சுவரில் ஜன்னல் இருந்தால் அதை ஒருபோதும் மறைக்கக் கூடாது.

உள்ளமைப்பைத் துணியை எண்ணிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சட்டைக்கும் பேன்ட்டுக்கும் ஒரு வரிசைக்கு 1 மீட்டர் உயரம் போதும். ஆகவே ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு கம்பிகள் போடலாம். நீள அங்கிகளுக்கு 150 செ.மீ. வேண்டும். புடவையின் அகலம் சுமார் 115 செ.மீ.; மடித்து ஹேங்கரில் பாதியாகப் போட்டால் 60 செ.மீ. அளவுக்கே தொங்கும். அதன் கீழே டிராயர்கள் வைக்க இடம் கிடைக்கும். ஆனால் கனமான ஜரிகைப் பட்டைத் தொங்கவிடக் கூடாது. பருத்தித் துணியில் சுற்றிப் படுக்கை வசமாகத் தட்டில் வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றிப் போட வேண்டும். நகைக்கும் பத்திரங்களுக்கும் பழைய இரும்பு பீரோவே இருக்கட்டும். அதை வரிசையின் கடைசியில் நிறுத்தினால் அழகு ஒன்றும் கெட்டுவிடாது.

தட்டின் நீளத்தில் பலர் தவறுகிறார்கள். ஒரே அளவில் துணி அடுக்கினாலும், தட்டு நீள நீளத் தொய்வு மிக வேகமாகக் கூடும். நீளத்தின் நான்காம் படிக்கு ஏற்ப அது உயர்கிறது. 60 செ.மீ. தட்டை 90 ஆக்கினால் தொய்வு ஒன்றரை மடங்கல்ல, ஐந்து மடங்கு. 18 மி.மீ. பலகை என்றால் 75 செ.மீ.யைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

நிறுத்தும் வேலைக்கு வருவோம். நம் வீட்டுச் சுவர்கள் நேராக இருப்பது அரிது. ஒவ்வொரு சுவரையும் கீழே, நடுவே, மேலே என மூன்று இடங்களில் அளந்து, மிகக் குறைந்த அளவையே கணக்கில் கொள்ள வேண்டும். ஓரத்தில் மிஞ்சும் இடுக்கைக் கடைசியில் ஒரு பட்டைப் பலகையால் மூடிவிடலாம். தரையில் மேடான இடத்திலிருந்து தொடங்கி, ரசமட்டம் வைத்து, திருகிக் கூட்டிக் குறைக்கும் கால்களால் மற்றவற்றைச் சமப்படுத்த வேண்டும். பரணையும் மறக்கக் கூடாது. படுக்க வைத்துப் பூட்டிய சட்டகத்தை நிமிர்த்தும்போது அதன் மூலைவிட்டத்துக்கு இடம் வேண்டும்: 201 செ.மீ. உயரமும் 58 செ.மீ. ஆழமும் உள்ள சட்டகத்துக்கு 209 செ.மீ. 7 அடி உயரத்தில் பரண் இருந்தால் மயிரிழையில் தப்பும், 236 செ.மீ. சட்டகம் அங்கே நிற்கவே நிற்காது.

ஒவ்வொரு சட்டகமும் பக்கத்துச் சட்டகத்தோடும் சுவரோடும் திருகப்பட வேண்டும். இதில் சமரசமே கூடாது. டிராயர் பெட்டிகள் சாய்ந்து விழுந்து குழந்தைகள் இறந்ததையடுத்து, 2016-இல் அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய 2.9 கோடி டிராயர் பெட்டிகளை ஐகியா திரும்பப் பெற அறிவித்தது. நாலைந்து டிராயர்களை ஒரே நேரத்தில் இழுத்தால் எடை முன்னால் வந்துவிடுகிறது. ஒரு குழந்தை ஏறி நின்றால் போதும். செங்கல் சுவருக்கு ஒரு வகை பிளக், உள்ளீடற்ற பிளாக்குக்கும் காற்றுக்குமிழ் பிளாக்குக்கும் வேறு வகை பிளக் என்பதைக் கடையிலேயே கேட்டு வாங்க வேண்டும்.

கடலோர ஊர்களில் அடுத்த எதிரி ஈரம். வடகிழக்குப் பருவமழையின்போது வெளிச்சுவர் ஈரம் உறிஞ்சும். அதை ஒட்டி நிற்கும் அலமாரியின் முதுகில் பூஞ்சை பிடிக்கும். வெளிச்சுவருக்கும் அலமாரிக்கும் இடையே 3 செ.மீ.யாவது காற்றோட்ட இடைவெளி விட்டு, அதைத் தாண்டிச் சுவரைப் பிடிக்கும் நீளத்தில் திருகு போட வேண்டும். பார்ட்டிகிள் போர்டு தண்ணீர் பட்டால் உப்பிவிடும், பிறகு சரியாகாது. தரை துடைக்கும் ஈரம் எட்டாதபடி 10 செ.மீ. கால் அவசியம். பிளைவுட் கூடுதல் விலை என்றாலும், கீழ்ச்சட்டத்துக்காவது அதைப் போடுவது புத்திசாலித்தனம். ஜன்னல் இல்லாத அறைக்கு ஒரு சிறு எக்ஸாஸ்ட் விசிறி வேண்டும். விளக்குக்கு எல்.இ.டி. பட்டையே ஏற்றது, அதைத் தட்டின் முன்விளிம்பில், வெளிச்சம் துணிமேல் விழுமாறு ஒட்ட வேண்டும். கூரை நடுவில் ஒற்றை விளக்கு இருந்தால், எடுப்பவரின் நிழலே துணியை மறைக்கும்.

தனி அறை இல்லாதவர்கள் படுக்கையறையின் ஒரு பகுதியைப் பிரிக்கலாம். 10-க்கு 12 அடி அறையில், சுவரிலிருந்து 80 செ.மீ. பாதை விட்டு, சுவரைப் பார்த்தபடி அலமாரி வரிசையை நிறுத்தினால் உடை அறைக்கு 140 செ.மீ. போகும்; கட்டிலுக்கு 226 செ.மீ. மிஞ்சும். அலமாரியின் முதுகு வெறும் மெல்லிய அட்டை என்பதால், கட்டில் பக்கம் பிளைவுட் அடித்து, மேலே கூரையோடும் பக்கச் சுவரோடும் இணைக்க வேண்டும். சுவிட்ச் போர்டும் ஏசியும் எந்தப் பக்கம் மாட்டிக்கொள்கின்றன என்பதை முதலிலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

நாலரை அடிக்குக் குறைவான அகலமுள்ள இடத்தில் இந்த முயற்சியே வேண்டாம். அங்கே ஒரு சுவரில் தள்ளும் கதவு வைத்த சாதாரண அலமாரிதான் அதிகத் துணியைக் கொள்ளும், செலவும் குறைவு.