கடை இணைப்புக்குச் சுவரா, பலகையா?



பல கடைகளில் பில் போடும் கம்ப்யூட்டரும் வாடிக்கையாளருக்கான வைஃபையும் ஒரே ரூட்டரில் ஓடுகின்றன. பிரித்து வைக்கச் சொன்னால், இணைப்புப் போட வருபவர் இரண்டு வழி சொல்வார்.

ஒன்று, ரூட்டரில் இரண்டாவது ஐ.பி. முகவரி சேர்ப்பது. இதற்குச் செலவில்லை. ஆனால் இது, ஒரே கிடங்கில் அரிசிக்கும் பருப்புக்கும் தனித்தனிப் பலகை மாட்டியதற்குச் சமம்; நடுவே சுவர் கிடையாது. வைஃபையில் இருப்பவர் தன் முகவரியை மாற்றிக்கொண்டால் பில் கம்ப்யூட்டரை நேரே எட்டிவிடலாம்.

மற்றொன்று வி-லேன். 1998-இல் வகுத்த 802.1க்யூ முறைப்படி தகவல் பொட்டலங்களுக்கு எண்ணிட்ட சீட்டு ஒட்டப்படும். ஓர் எண்ணின் சரக்கை ஸ்விட்ச் மற்றதில் விடாது. இதுவே சுவர். ரூட்டர், ஸ்விட்ச், வைஃபை கருவி மூன்றிலும் இவ்வசதி இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் கதவு திறப்பது ரூட்டர்தான்; ஆகவே அதில் தடை விதியும் போடச் சொல்லுங்கள்.

254 முகவரிகள் போதாமலோ, பழைய முகவரியிலிருந்து புதியதற்கு மாறும்போதோ முதல் வழி உதவும். ஆனால் வெளியார் கை படும் இடத்தில் அது காவல் ஆகாது. நமது பற்று வரவு முழுதும் அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஸ்விட்ச் விலையைப் பார்க்கும்போது அதையும் நினைவில் கொள்ளுங்கள்.