கிடங்கிலிருந்து கடைக் கணக்கு: தொடர்பு அறுந்தால் எங்கே பார்ப்பது?

கோவை ரங்கே கவுடர் வீதியில் கடை, ஊருக்கு வெளியே கிடங்கு என்று தொழில் நடத்துவோர் நம் வணிகர்களில் பலர். கணக்கு கடைக் கம்ப்யூட்டரில், சரக்கு கிடங்கில். ஆகவே கிடங்கு லேப்டாப்பில் வை-ஃபை வழியாக வி.பி.என். சேர்த்து, ரிமோட் டெஸ்க்டாப்பில் கடைக் கணக்கைத் திறந்து பில் போடுகிறோம். தமிழகத்துக்குள் 2018 ஜூன் 2 முதல் இ-வே பில் நடைமுறைக்கு வந்தபின், தொடர்பு அறுந்தால் லாரியும் நிற்கும், சுமைக்கூலி ஆட்களும் நிற்பார்கள்.

சரக்கு வராவிட்டால் ஆர்டர் போனதா, லாரி கிளம்பியதா, செட்டில் இறங்கியதா என்று வரிசையாக விசாரிப்போம் அல்லவா? இதையும் அப்படியே பார்க்க வேண்டும்.

முதலில் வை-ஃபை. வேறு ஏதாவது இணையப் பக்கம் திறக்கிறதா? இல்லையென்றால் கோளாறு கிடங்கிலேயே. 5 ஜிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது. ஆனால் சுவரையும் மூட்டை அடுக்கையும் தாண்டத் திணறும். 2.4க்கு மாற்றிப் பாருங்கள். செல்போன் ஹாட்ஸ்பாட்டிலும் சோதிக்கலாம்.

இரண்டாவது வி.பி.என். இணையம் இருந்தும் இது சேராவிட்டால், கடையில் கரண்ட் உண்டா, ரௌட்டர் ஓடுகிறதா என்று போனில் கேளுங்கள். கரண்ட் போய் வந்தபின் கடை இணைப்பின் ஐ.பி. எண் மாறியிருக்கவும் கூடும்.

மூன்றாவது, வி.பி.என். சேர்ந்தும் கடைக் கம்ப்யூட்டர் கிடைக்காத நிலை. அது உறக்க நிலைக்குப் போயிருக்கலாம், ஃபயர்வால் தடுக்கலாம். விண்டோஸ் ஹோம் பதிப்பானால் வெளியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழையவே விடாது. இரண்டு ரௌட்டரும் 192.168.1 என்ற ஒரே வரிசையில் எண் கொடுத்தால், லேப்டாப் கடைக் கம்ப்யூட்டரைக் கிடங்குக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். ஒரு பக்கத்தை 192.168.50 என மாற்றினால் தீரும்.

வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று வி.பி.என்.னை எடுத்துவிட்டு, ரௌட்டரில் 3389 என்ற வாசலை நேராகத் திறந்துவிடும் மெக்கானிக்குகள் உண்டு. அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். இரவில் ஷட்டரைத் திறந்து போட்டுப் போவதற்குச் சமம். பழைய விண்டோஸ்களில் பாஸ்வேர்டு இல்லாமலே இந்த வழியில் நுழையக்கூடிய ஓட்டை இருந்தது. அதை அடைக்க 2019 மே 14 அன்று மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. ஆதரவு நின்றுபோன எக்ஸ்.பி.க்கும் சேர்த்தே கொடுத்தது. கணக்கைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் கும்பல்கள் தேடுவதும் இந்த வாசலைத்தான்.

கடனுக்குச் சரக்கு கொடுத்துத் தொழில் செய்பவர்கள் நாம். பேரேடு போய்விட்டால் பொள்ளாச்சியில் யார் பாக்கி, தாராபுரத்தில் எவ்வளவு நிலுவை என்று யாரைக் கேட்பது? தினமும் கடை சாத்தும் முன் கணக்கை ஒரு தனி டிஸ்கில் நகல் எடுத்து, டிஸ்கைக் கழற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள்.